துறைமுகம் யாருக்கு? திருகோணமலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

2023 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கை நோக்கிப் புறப்பட்டது. 1990 இல் பிரான்சிலே கட்டப்பட்டு, பல கடல்களில் ஓடியபின் நம் கடலுக்கு வந்து சேர்ந்த கப்பல் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளும் அதன் பயண வரிசையில் இடம்பெற்றிருந்தன. நீச்சற்குளமும் நடன மண்டபமும் விருந்துச் சாலையும் கொண்ட மிதக்கும் மாளிகையொன்று, ஒரு காலத்தில் போர்க் கப்பல்களுக்கே உரியதாயிருந்த துறையொன்றைத் தன் வழியிற் சேர்த்துக்கொண்டது.

இத்தகைய கப்பல்கள் உலகெங்கும் ஒரே நியதிப்படியே இயங்குகின்றன. காலையில் கரை சேரும்; மாலையில் கரை நீங்கும். இடைப்பட்ட சில மணி நேரத்துள் பயணி ஒரு நகரைக் 'கண்டு' முடிக்க வேண்டும். அரபுக் கடலோரத்து மஸ்கட்டாயினும் சலாலாவாயினும், கீழ்க்கரையின் திருகோணமலையாயினும் ஏற்பாடு ஒன்றுதான்: ஒரு கோட்டை, ஒரு வழிபாட்டுத் தலம், ஒரு கடைத்தெரு, ஒரு கடற்கரை. திருகோணமலையிலே கோணேசர் கோயிலையும், இராவணன் வெட்டையும், கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்களையும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும், நிலாவெளிக் கடலையும், புறாத் தீவையும் காட்டுவார்கள். இவையனைத்தும் காணத் தக்கவையே. ஊர் காண்பதையோ, உழைத்துக் களைத்த மனிதர் ஓய்வு நாடுவதையோ நாம் குறை கூறோம். ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க இயலவில்லை. இத்துறையைக் கண்டு செல்பவர், இத்துறையின் கரையிலே வாழும் மக்களைக் காண்கிறாரா? இக்கேள்விக்கு விடை தேட, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

கோட்டை வாயிலிலிருந்தே தொடங்குவோம். சுவாமி மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அவ்வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். வாயிற் கல்லொன்றிலே கயல் உருவமும், அதன் அருகே தமிழ் எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னொரு காலத்தில் பறங்கியர் அழிப்பர் என்ற தீர்க்கதரிசனம் இதுவென மரபு கூறும். தீர்க்கதரிசனத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கோயிலொன்றின் கல் கோட்டை வாயிலாயிற்று என்பது மட்டும் கண்ணெதிரே நிற்கும் உண்மை.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தராற் பாடப்பட்ட தலம் இது. 1223 ஆம் ஆண்டைச் சார்ந்த, சோடகங்கன் என்பானைக் குறிப்பிடும் வடமொழிச் சாசனமொன்றும் இக்கோட்டையினுள்ளே கிடைத்தது. கோகர்ணம் என்ற பெயரால் மகாவம்சமும் இவ்விடத்தை அறியும். ஒருவர் இதனைச் சைவத்தின் தனியுடைமை என்பார். மற்றொருவர் பௌத்தத்தின் தொன்மை என்பார். இருசாராரும் கல்லின் மேற் சண்டையிடுகின்றனர். கல்லை உடைத்தவனையும் சுமந்தவனையும் எவரும் நினைப்பதில்லை. எந்த மன்னன் எந்தத் தெய்வத்துக்கு எடுப்பித்தாலும், மலையுச்சிக்குக் கல் ஏற்றியவை உழைப்பாளியின் தோள்களே.

1620 களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். மத வெறி ஒன்றையே இதற்குக் காரணமாகக் கூறி அமைவது போதாது. அதே தசாப்தத்தில், 1622 இல், பாரசீக வளைகுடாவின் வாயிலான ஓர்மூஸைப் போர்த்துக்கேயர் இழந்தனர். பாரசீகப் படையும் ஆங்கிலக் கப்பல்களும் கூடி அவர்களை வெளியேற்றின. இந்து மாகடலெங்கும் போர்த்துக்கேய வல்லரசு ஆட்டங்கண்ட வேளை அது. மஸ்கட்டிலே இன்று பயணிகள் வியந்து நோக்கும் சலாலி, மிராணிக் கோட்டைகளும், திருகோணமலையின் கோட்டையும், கடல் வணிகத்தைத் துப்பாக்கி முனையில் ஏகபோகமாக்க முயன்ற ஒரே வல்லரசின் கைவரிசைகளே. மஸ்கட்டை 1650 இல் ஓமானியர் மீட்டுக்கொண்டனர். திருகோணமலையையோ 1639 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அங்கே துறை அந்நாட்டவர் கைக்கு மீண்டது. இங்கே எசமானர் மாறினர்.

இத்துறையின்மீது ஐரோப்பியர் ஏன் இத்துணை மோகங்கொண்டனர்? விடை பருவக்காற்றில் இருக்கிறது. சோழமண்டலக் கரை நெடுகிலும் பெரிய கப்பல்களுக்குப் புகலிடம் இல்லை. சென்னை அக்காலத்தில் திறந்த கடலோரமே. வடகீழ்ப் பருவத்தின் புயல் தொடங்கியதும் கப்பற்படை வங்கக் கடலைவிட்டு அகல வேண்டும். அப்பருவத்திலும் படையைக் காத்து நிறுத்தக்கூடிய ஆழமான உள்துறைமுகம் திருகோணமலையிலேதான் இருந்தது. இத்துறையைக் கைக்கொண்டவன் வங்கக் கடலில் ஆண்டு முழுவதும் தங்கலாம். இழந்தவன் பம்பாய் வரை ஓட வேண்டும். இந்தியாவை யார் சுரண்டுவது என்ற போட்டியிலே திருகோணமலை ஒரு பகடைக்காயாயிற்று.

1782 ஆம் ஆண்டின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து இதனைப் பறித்தான். ஆகத்து மாதம் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். ஓராண்டுக்குள் இக்கோட்டையின்மீது மூன்று கொடிகள் பறந்தன. பின்னர் ஐரோப்பாவிலே எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கையின்படி மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795 இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்தனர். 1802 இல் அமியன்ஸ் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. 1795 இல் ஆங்கிலேயருக்காகத் துப்பாக்கி ஏந்தி வந்தோருள் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். தமிழ்நாட்டுக் குடியானவனின் மகன் தன் நாட்டை அடிமைப்படுத்தியவனுக்காக, தன் மொழி பேசும் மற்றொரு கரையைப் பிடித்துக் கொடுத்தான். சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் இங்கு வருவோர் அவனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும்.

கடற்கரையோரத்துப் பழைய இடுகாட்டிலே, நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1852 இல் பர்மியப் போரின்போது இறந்தவர் அவர். இலக்கிய ஆர்வமுடைய பயணி அங்கு நிற்பது இயல்பே. நாவல்களில் அமைதியான விருந்துக்கூடங்களாகத் தோன்றும் இங்கிலாந்தின் செழிப்பும், இர்ராவதி ஆற்றிலே பாய்ந்த பீரங்கிக் குண்டும் ஒரே குடும்பத்துச் செய்திகள் என்பதை அக்கல்லறை உணர்த்துகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. இத்துறையின் பெயர் தாங்கிய போர்க்கப்பலொன்றை 1817 இல் பம்பாய்க் கப்பல் தளத்திலே வாடியா குடும்பத்தினரின் கீழ் இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தாற் கட்டினர். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலிலே அக்கப்பல் இன்றும் காட்சிப் பொருளாக மிதக்கிறது. நம் துறையின் பெயரும், நம்மவர் கைத்திறனும் அங்கே நுழைவுச்சீட்டுக்குரிய காட்சிகளாகிவிட்டன.

இங்கு வந்த அந்நியர் எல்லோரும் ஒரே கண்ணோடு பார்த்தனர் என்று கூறிவிட முடியாது. 1660 இல், புயலில் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவினுள் வந்தது ஓர் ஆங்கிலக் கப்பல். அதன் தலைவனையும் அவன் மகனையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அம்மகனே றொபேட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவன் கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினான். தப்பிச் சென்றபின் 1681 இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல், உழவு, அறுவடை, ஏர், உணவு, உடை, வரி, ஊழியம் ஆகியவற்றை விரிவாக எடுத்துரைத்தது. அரசவைக்கு வந்து சென்ற தூதுவர் பலர் காணாதவற்றை அவன் எவ்வாறு கண்டான்? உழைத்துப் பிழைக்கவேண்டிய நிலை அவனை மக்களிடையே தள்ளிற்று. அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் பட்ட வரியின் பாரத்தை அருகிருந்து அறிந்தவனுக்கே நாடு தன் முகத்தைக் காட்டிற்று. சிறைப்பட்டால்தான் நாடு விளங்கும் என்பது நம் கருத்தன்று; எந்த இடத்தில் நின்று நோக்குகிறோம் என்பதே காட்சியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நொக்ஸ் நல்ல உதாரணம்.

இனி, நம் மாணவர்கள் அடிக்கடி வினவும் ஒரு வினாவுக்கு வருவோம். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பாடநூல்கள் புகழும் திருகோணமலை ஏன் நாட்டின் முதன்மை வணிகத் துறையாகவில்லை? கொழும்பிலே இயற்கை தராத பாதுகாப்பைக் கல்லாற் கட்டிய அலைதடுப்பணை தந்தது. 1875 இல் அடிக்கல் நாட்டி, 1885 இல் அதனை முடித்தனர். கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டுக்குக் கொழும்பு அண்மையிலிருந்தது. தோட்ட முதலாளியின் இலாபம் கொழும்பு வழியே சென்றது. அந்த இலாபத்தைத் தொடர்ந்தே புகையிரதப் பாதையும் சென்றது. திருகோணமலைக்குப் புகையிரதம் 1927 இலேதான் வந்தது. தேயிலையைப் பறித்த தமிழ்த் தொழிலாளியின் வியர்வை கொழும்பைப் பெருநகராக்கியது; கடற்படையின் பூட்டு திருகோணமலையைக் காவற்கூடமாக வைத்திருந்தது. துறைமுகத்தின் விதியை எழுதுவதில் கடலின் ஆழத்தைவிட மூலதனத்தின் தேவையே வலியது என்பதற்கு இவ்விரு நகரங்களும் சான்று பகரும்.

கடற்படை கட்டியவற்றுள் பெரியவை சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே காட்டினிடையே நூற்றுக்கு மேற்பட்ட தாங்கிகள் எழுந்தன; அவற்றுள் 99 இன்று எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விமானமொன்று தாங்கியொன்றின் மீதே வீழ்ந்து வெடித்தது. எண்ணெய் பல நாட்கள் எரிந்தது. அதே நாள் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைக்குள் நின்ற 'சகாயிங்' என்ற பயணிகள் கப்பலும் குண்டுபட்டு எரிந்தது. பின்னர் அதனை நீருள் அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். எழுபத்தைந்து ஆண்டு நீருள் கிடந்த அதன் உடலை 2018 இல் இலங்கைக் கடற்படை மேலே எடுத்தது. உல்லாசத்துக்கும் வணிகத்துக்கும் கட்டப்படும் கப்பலைப் போர் எவ்வாறு விழுங்கும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

1948 இல் சுதந்திரம் வந்தபோதும் திருகோணமலை திரும்பவில்லை. 1947 இன் பாதுகாப்பு ஒப்பந்தம் தளத்தைப் பிரித்தானியர் கையிலேயே வைத்திருந்தது. அந்த ஒப்பந்தத்தை இடதுசாரிகள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தனர். 1956 இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டின் சூயஸ் நெருக்கடி, அந்நியத் தளம் ஒரு சிறிய நாட்டை எத்தகைய போருக்குள் இழுத்துவிடக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. 1957 ஒக்ரோபரில் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அரபுக் கரையின் ஏடன் துறைமுகம் விடுபட இன்னும் பத்தாண்டும் இரத்தம் தோய்ந்த ஒரு போராட்டமும் தேவைப்பட்டன. ஏடனும் திருகோணமலையும் சிங்கப்பூரும் ஒரே சங்கிலியின் வளையங்களாயிருந்தவை என்பதை நம் மாணவர் உலகப் படத்திலே தொட்டுப் பார்த்து அறிதல் வேண்டும்.

கொடி இறங்கியது உண்மை. துறை மக்களுடையதாயிற்றா? கோட்டை இன்றும் இராணுவத்தின் இருப்பிடம். பழைய கப்பற்றளம் கடற்படையின் வசம். எண்ணெய்த் தாங்கிகளின் வரலாறோ உடன்படிக்கைகளின் வரலாறாகவே நீள்கிறது. 1987 இன் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களிலே திருகோணமலைத் துறையும் தாங்கிகளும் இடம்பெற்றன. 2003 இல் தாங்கிகள் இந்தியக் கம்பெனியிடம் சென்றன. 2022 சனவரியில் 14 தாங்கிகள் அக்கம்பெனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனமொன்றுக்கும் எனப் பங்கிடப்பட்டன. 2025 ஏப்பிரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி உடன்பாடு செய்துகொண்டன. நாடுகள் கூடித் தொழில் வளர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. அத்தொழிலிலே சீனன்குடாவின் இளைஞனுக்கும் மூதூரின் விவசாயிக்கும் என்ன பங்கு என்று வினவும் உரிமையை மாத்திரம் விட்டுக்கொடுக்க முடியாது. குடாவின் தென்கரையிலே சம்பூர் மக்கள் 2006 இல் போரினால் விரட்டப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அகதி வாழ்வு வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் தம் நிலங்களுக்குத் திரும்பினர். அவர்கள் இல்லாத வேளையில் அவர்களுடைய நிலத்திலே அனல்மின் நிலையமும் தொழில் வலயமும் திட்டமிடப்பட்டன. இத்தகைய வரலாறு உள்ள இடத்திலே 'அபிவிருத்தி' என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் அஞ்சுவது இயல்பு.

உல்லாசப் பயணி மாலையில் உலாவும் கடற்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை அக்கரையிலே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டனர். 2006 ஆகத்திலே மூதூரில் பட்டினி ஒழிப்பு நிறுவனத்தின் ஊழியர் 17 பேர் படுகொலையுண்டனர். தமிழரும் முஸ்லிமும் அவர்களுள் இருந்தனர். காற்று வாங்கும் கரையிலே துயரத்தை ஏன் நினைவூட்டவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அக்கரையிலே இன்றும் மாணவர் உலாவுகின்றனர். அவர்களுக்கு அதனை மறைப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

இனி, உல்லாசக் கப்பலின் அட்டவணையில் என்றும் இடம்பெறாத இரண்டு பயணங்களைக் கூறுவோம்.

முதலாவது மிகக் குறுகியது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதிய பாலம் கட்டத் தொடங்கினர். பாலம் முடியும்வரை மக்கள் நீரைக் கடக்க ஒரு மிதப்புப் படகே துணையாயிற்று. 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். பெருங் கப்பற்படைகள் புகலிடம் தேடிய துறையை அண்டிய ஊரிலே, பள்ளிப் பிள்ளை சில நூறு முழ நீரைப் பாதுகாப்பாகக் கடக்க வழியில்லை. இருநூறு மீற்றர் நீளமான மிதக்கும் மாளிகை வந்து நிற்கக்கூடிய துறை மாவட்டத்திலே ஒரு சிறு பாலம் காலத்தில் முடியவில்லை.

இரண்டாவது மிக நீண்டது. 1970 களின் எண்ணெய்ப் பெருக்கத்துக்குப் பின், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் ஆயிரமாயிரம் பெண்கள் ஜித்தா, தம்மாம், துபாய், குவைத் எனப் புறப்பட்டனர். உல்லாசப் பயணி கோட்டையும் சந்தையும் காணச் செல்லும் அதே அரபுத் துறைமுக நகரங்கள்தாம் அவை. அப்பெண்கள் கண்டவை சமையலறைச் சுவர்கள். 2005 இல் மூதூரிலிருந்து வீட்டுப் பணிக்காகச் சென்ற ஓர் இளம்பெண், கடவுச்சீட்டிலே வயது கூட்டி எழுதப்பட்டு அனுப்பப்பட்டவள், தன் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தையின் மரணத்துக்காகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டாள். உலகெங்கிலுமிருந்து கருணை வேண்டுகோள்கள் சென்றும், 2013 சனவரி 9 ஆம் நாள் சவூதி அரேபியாவிலே அவள் சிரச்சேதம் செய்யப்பட்டாள். எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த குடாவின் கரையிலே வேலை கிடைக்காத குடும்பம், எண்ணெய் விளையும் நாட்டுக்குத் தன் மகளை அனுப்புகிறது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் திருகோணமலையை விளங்கிக்கொண்டதாகக் கூற முடியாது.

நானூறு ஆண்டுகளாக இத்துறைக்கு வந்தோர் இதனைக் கைப்பற்றவோ, பூட்டிவைக்கவோ, குத்தகைக்கு எடுக்கவோ, கண்டு களிக்கவோ வந்தனர். கரையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இதனைத் தம் பிழைப்புக்குரிய வழியாக ஆளும் நிலை இன்னும் முழுமையாக உருவாகவில்லை. அம்மூன்று மக்களையும் ஒருவரோடொருவர் மோதவிட்டவர்களுக்கு இந்நிலை வசதியாகவே இருந்து வந்திருக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கும்போது எவ்வூர் நீர் எதுவெனப் பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. அக்குடாவை நம்பி வாழும் மீனவனின் வலைக்கும், உழவனின் வயலுக்கும், துறைமுகத் தொழிலாளியின் கூலிக்கும் உரிய நலன்களும் அவ்வாறே இணைந்து கிடக்கின்றன.

ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் திருகோணமலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம். கோணேசர் கோயிலையும் கோட்டை மான்களையும் காட்டுங்கள். கோட்டை வாயிற் கல்லின்முன் சற்று நேரம் நிறுத்திக் கயலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் நகருக்குள் திரும்பிவிடாமல் சீனன்குடா வழியே கிண்ணியாவுக்குச் செல்லுங்கள். வழியிலே தாங்கிகளின் கதையைக் கூறுங்கள். 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பெரும்பாலத்தைக் கடந்து, குறிஞ்சாக்கேணிக் கரையிலே நில்லுங்கள். அவ்வூர்ப் பள்ளிக்கூடமொன்றின் மாணவரோடு உங்கள் மாணவர் ஒரு பிற்பகல் அமர்ந்து பேசட்டும். துறைமுகத்தைப் பற்றி அவர்கள் என்ன அறிவர், அதிலிருந்து அவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவேண்டும் என அவர்கள் விரும்புகின்றனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பேடுகள் பெருகும்போது திருகோணமலையின் வரலாற்றுக்கு ஒரு புதிய அத்தியாயம் கிடைக்கும். அதனை எழுதுவோர் தளபதிகளாகவோ கம்பெனிகளாகவோ இருக்க மாட்டார்கள்.